ரோபோ வண்டி பேச்சைக் கேட்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

இரண்டு சக்கர ரோபோ வண்டியை வைத்து நிரல் எழுதக் கற்கும் பிள்ளைகளுக்காகவும், பக்கத்தில் உட்கார்ந்து முழிக்கும் அப்பா அம்மாக்களுக்காகவும், பள்ளியில் பிள்ளைகள் கருவிகளைச் செய்து பழகும் டிங்கரிங் லேப் பொறுப்பைத் தலையில் வாங்கிக்கொண்ட ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எந்த வண்டி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நிரலை வாங்கி ஓட்டும் ஆர்டுயினோ ஊனோ போர்டு அல்லது அதன் நகல், போர்டு சொல்கிறபடி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் எல்298என் மோட்டார் டிரைவர், மஞ்சள் நிற கியர் மோட்டார் இரண்டு, முன்னால் ஒலி அனுப்பித் தூரம் பார்க்கும் அல்ட்ராசோனிக் சென்சார், அடியில் கோடு பார்க்கும் ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார். 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் சேர்ந்த பள்ளிகளிலும், ஆன்லைனில் வாங்கும் கிட்களிலும் பெரும்பாலும் இந்தச் சாமான்கள்தான் இருக்கும். எம்பிளாக் மாதிரி பிளாக்குகளை அடுக்கும் மென்பொருளில் எழுதினாலும் சரி, ஆர்டுயினோ மென்பொருளில் வரி வரியாக எழுதினாலும் சரி, வருகிற வியாதிகள் ஒன்றுதான்.

நிரல் கற்க வந்தவர்கள், வண்டி ஓடாவிட்டால் முதலில் கை வைப்பது நிரலில். அதை மாற்றி, இதை மாற்றி, கடைசியில் நன்றாக இருந்த நிரலும் கெட்டுப்போய், எது எங்கே மாறியது என்றே தெரியாத நிலைக்கு வந்துவிடுவார்கள். கும்பகோணத்துப் பக்கம் நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் இடத்தில் ஒரே சட்டம்தான்: முதலில் மின்சாரம், அப்புறம் வயர், அப்புறம் சென்சார், கடைசியில்தான் நிரல். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். நேற்று ஓடிய நிரல் இன்று ஓடவில்லை என்றால், ராத்திரியில் அது தானாக மாறியிருக்காது. பேட்டரி இறங்கியிருக்கும்.

கையில் இரண்டு சாமான் இருந்தால் போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர். அப்புறம் சக்கரம் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி வைக்க ஒரு டப்பா. டப்பா எதற்கு என்று கேட்பவர்கள், யூஎஸ்பி வயரோடு மேசையிலிருந்து வண்டி குதிப்பதை இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

“கம்ப்யூட்டர்ல போர்ட்டே வரலை”

போர்ட் என்பது கணினியும் போர்டும் பேசிக்கொள்ளும் வாசல். அது கணினியில் தெரியாவிட்டால் முதல் சந்தேகம் வயர்மேல். சில யூஎஸ்பி வயர்களில் சார்ஜ் ஏற்றும் கம்பிகள் மட்டும்தான் இருக்கும், தகவல் போகும் கம்பிகள் இருக்காது. போர்டில் விளக்கு எரியும், ஆனால் கணினிக்கு எதுவும் தெரியாது. விளக்கு எரிகிறதே, வயர் நல்ல வயர்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேறு வயர் போட்டுப் பாருங்கள்.

வயர் சரி என்றால் அடுத்தது டிரைவர் மென்பொருள். மோட்டார் டிரைவர் வேறு, இது போர்டைக் கணினிக்கு அடையாளம் காட்டும் மென்பொருள். விலை குறைந்த நகல் போர்டுகளில் பெரும்பாலும் சிஎச்340 என்ற சிப் இருக்கும். விண்டோஸ் கணினி அதை அடையாளம் தெரியாமல் விழித்தால், அந்தச் சிப்புக்கான டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். நம் ஊர்ப் பக்கம் பல வீடுகளில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினிதான் கணினி. அதில் லினக்ஸ் ஓடினால் டிரைவர் தேட வேண்டாம், உள்ளேயே இருக்கிறது. ஆனால் அனுமதி மறுக்கப்பட்டது என்று செய்தி வரும். உங்கள் பயனர் பெயரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் சரியாகிவிடும். உபுண்டு 22.04 போட்டிருந்தால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளைக் கவனிக்கும் ‘பிஆர்எல்டிடிஒய்’ என்ற சேவை, உங்கள் போர்டைத் தன்னுடையது என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். போர்ட் ஒரு கணம் தெரிந்து மறைவதற்கு இதுதான் காரணம். அந்தச் சேவையை நீக்கினால் போர்ட் நிலைக்கும்.

“ஏத்தும்போது பாதியில எரர் வருது”

சிவப்பு எழுத்தில் ‘நாட் இன் சிங்க்’ என்று வந்தால், கணினி பேசுகிறது, போர்டு பதில் சொல்லவில்லை என்று பொருள். மெனுவில் வேறு போர்டையோ வேறு போர்ட்டையோ தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அது சரி என்றால், 0, 1 என்ற இரண்டு பின்களில் (போர்டில் வயர் செருகும் துளைகளில்) ஏதாவது செருகியிருக்கிறதா? கணினியிலிருந்து நிரல் ஏறும் பாதையும் அந்த இரண்டு பின்கள்தான். கைபேசியிலிருந்து வண்டியை ஓட்ட எச்சி-05 புளூடூத் மாட்யூலை அங்கே மாட்டியிருப்பார்கள். நிரல் ஏற்றும்போது அதைக் கழற்றிவிட்டு, ஏறியதும் மாட்டுங்கள்.

நிரல் ஏறும்போதே கரண்ட் போய் டெஸ்க்டாப் அணைந்துவிட்டால் பயப்பட வேண்டாம். போர்டு கெட்டுப்போகாது. நிரலை உள்ளே வாங்கும் சின்ன மென்பொருள் தனிப் பகுதியில் பத்திரமாக இருக்கிறது. கரண்ட் வந்ததும் மறுபடி ஏற்றினால் சரி.

“நிரல் ஏறிடுச்சு, சக்கரம் அசையலை”

இங்கே காது உதவும். மோட்டாரிலிருந்து மெல்லிய ‘ங்ங்’ என்ற முனகல் கேட்கிறதா, இல்லை ஒரே அமைதியா?

முனகல் கேட்டால் மின்சாரம் வருகிறது, போதவில்லை என்று அர்த்தம். அனலாக்ரைட் கட்டளையில் 0 முதல் 255 வரை வேகம் கொடுக்கலாம். அதற்காக 40 கொடுத்தால் கொஞ்சம் மெதுவாகப் போகும் என்று நினைக்கக் கூடாது. இந்த மஞ்சள் மோட்டார்கள் ஒரு அளவுக்குக் கீழே திரும்பவே திரும்பாது. வண்டியை டப்பா மேல் வைத்து, எந்த எண்ணில் சக்கரம் அசைய ஆரம்பிக்கிறது என்று 10, 10 ஆகக் கூட்டிப் பாருங்கள். தரையில் வைத்தால் அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒரே அமைதி என்றால் பேட்டரி சுவிட்சைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். யூஎஸ்பி வயர் செருகியிருக்கும்போது போர்டு, சென்சார் எல்லாம் கணினி மின்சாரத்தில் ஒளிரும். மோட்டாருக்கு மட்டும் பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். சுவிட்ச் போட்டிருந்தால், போர்டின் ஜிஎன்டி (கிரவுண்ட், அதாவது மைனஸ் முனை), டிரைவரின் ஜிஎன்டி, பேட்டரியின் மைனஸ் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்கின்றனவா என்று பாருங்கள். சேராவிட்டால், போர்டு அனுப்பும் சைகையை டிரைவரால் ஒழுங்காகப் புரிந்துகொள்ள முடியாது. அப்புறம் டிரைவரில் இருக்கும் பச்சை அல்லது நீலத் திருகு முனைகள். வயரின் பிளாஸ்டிக் உறையைச் சரியாக உரிக்காமல், உறையையே திருகு கவ்விக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும். மெல்ல இழுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் அரை சென்டிமீட்டர் உரித்து மாட்டுங்கள்.

எவ்வளவு வேகம் கொடுத்தாலும் ஒரே முழு வேகத்தில் ஓடுகிறது என்றால், அது இதற்கு நேர் எதிர்ப் பக்கம். டிரைவரில் ஈஎன்ஏ, ஈஎன்பி என்று எழுதிய இடத்தில் சின்னக் கறுப்புத் தொப்பி இருக்கும். அது மாட்டியிருக்கும் வரை முழு வேகம்தான். கழற்றிவிட்டு, போர்டில் அலைக்கோடு போட்ட பின்களிலிருந்து வயர் கொடுங்கள். ஊனோவில் அவை 3, 5, 6, 9, 10, 11.

“கொஞ்சம் போகுது, நிக்குது, திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்குது”

இதற்குத்தான் அதிக இடம் ஒதுக்கப்போகிறேன். பிள்ளைகளை அதிகமாக அழவைப்பது இதுதான். நிரலில் தப்பு என்று எல்லோரும் நம்புவதும் இதைத்தான்.

நடப்பது இது. நின்றிருக்கும் மோட்டார் புறப்படும் நொடியில் இழுக்கும் மின்னோட்டம், அது ஓடிக்கொண்டிருக்கும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு. இரண்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் புறப்பட்டால் பேட்டரியின் வோல்டேஜ் அந்தக் கணம் சரிந்துவிடும். தலைமடைக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே மோட்டார் தலைமடை, போர்டும் சென்சாரும் கடைமடை. ஊனோவின் சிப்புக்கு வரும் மின்சாரம் 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால், அது தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். ரீசெட் ஆனதும் நிரல் முதல் வரியிலிருந்து ஓடும், முதல் வரிகளில் ‘முன்னே போ’ என்று இருக்கும், மோட்டார் புறப்படும், மறுபடி சரியும்.

இது ரீசெட்டா, நிரலின் வேலையா என்று கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. செட்டப் பகுதியில், அதாவது ஒரே ஒரு முறை ஓட வேண்டிய இடத்தில், 13-ஆம் பின்னில் உள்ள விளக்கை மூன்று முறை மின்னவிடுங்கள். வண்டியை ஓடவிட்டுப் பாருங்கள். நடு வழியில் அந்த விளக்கு மறுபடி மூன்று முறை மின்னினால் போர்டு செத்துப் பிழைக்கிறது என்று உறுதி. மின்னவில்லை என்றால் நிரலைப் பார்க்கலாம். ஒரு விளக்கு, ஆறேழு வரி, அவ்வளவுதான். செட்டப்புக்கும், திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்கும் என்ன வித்தியாசம் என்பது பிள்ளைகளுக்கு மனதில் பதிவதும் பாடப் பலகையைவிட இந்த மூன்று மின்னலில்தான்.

ரீசெட் என்று தெரிந்துவிட்டால் பேட்டரியைப் பாருங்கள். 9 வோல்ட் சதுர பேட்டரி போட்டிருந்தால் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். அது மல்டிமீட்டருக்கும் புகை அலாரத்துக்கும் செய்தது, இரண்டு மோட்டாரை இழுக்க அதற்குத் தெம்பு கிடையாது. என்ன காரணத்துக்காக இன்னமும் வண்டி கிட்டோடு அதைச் சேர்த்து விற்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

பென்சில் செல் நான்கு போட்டால் 6 வோல்ட் வரும். எல்298என் பழைய வகை சிப். தானே 2 வோல்ட் அளவுக்கு விழுங்கிவிட்டுத்தான் மோட்டாருக்குக் கொடுக்கும். ஆக மோட்டாருக்கு மிஞ்சுவது 4. ரீசார்ஜ் செல் நான்கு என்றால் ஆரம்பமே 4.8 தான், மிஞ்சுவது 3-க்கும் கீழே. இரண்டு 18650 லித்தியம் செல்லைத் தொடராக மாட்டினால் 7.4 வோல்ட், முழு சார்ஜில் 8.4. இந்த வண்டிக்கு அது சரியாகப் பொருந்தும். வாங்கும்போது உறையில் 9800 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தால் நகர்ந்துவிடுங்கள். நல்ல நிறுவனச் செல்களே 3500 பக்கம்தான் இருக்கும். லித்தியம் செல்லைத் தலைகீழாக மாட்டுவது, ராத்திரி முழுக்க ஆளில்லாமல் சார்ஜில் விடுவது, இரண்டும் வேண்டாம். சின்னப் பிள்ளைகள் என்றால் செல்லைப் பெரியவர்களே மாட்டிக் கொடுங்கள்.

வோல்டேஜை வண்டி சும்மா நிற்கும்போது அளந்தால் எப்போதும் நன்றாகத்தான் காட்டும். மோட்டார் ஓடும்போது, சக்கரத்தை விரலால் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு அளங்கள். அப்போது தெரியும் உண்மை. 470 அல்லது 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பேட்டரி வயர்களுக்குக் குறுக்கே, பிளஸ் மைனஸ் பார்த்து, வைத்தால் சரிவு குறையும். சால்டரிங் வராது என்றால் கடைத்தெருவில் இருக்கும் செல்போன் சர்வீஸ் கடையில் கேளுங்கள், செய்து தருவார்கள்.

நிரலாலும் உதவி செய்யலாம். வேகத்தை எடுத்த எடுப்பில் 200 கொடுக்காமல், ஃபார் லூப் ஒன்று எழுதி, முன்பு குறித்து வைத்தீர்களே அந்த எண்ணிலிருந்து 200 வரை மெல்ல ஏற்றுங்கள். ஒவ்வொரு படிக்கும் 5 மில்லிசெகண்ட் போதும். ஃபார் லூப் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1 முதல் 10 வரை அச்சிடுவதில் யாருக்கு ஆர்வம்?

“வயரைக் கழட்டினா செத்துடுது”

பேட்டரி நன்றாக இருந்தும் இப்படி ஆனால், எம்பிளாக்கில் நேரலை முறையில் இருக்கிறீர்கள். அந்த முறையில் நிரல் ஓடுவது கணினிக்குள். போர்டு வெறும் கை கால்தான், கட்டளை ஒவ்வொன்றும் வயர் வழியாகப் போகிறது. வயர் போனால் கட்டளையும் போச்சு. ஏற்றும் முறைக்கு மாற்றி, நிரலைப் போர்டில் ஏற்றுங்கள். அப்போது சில பிளாக்குகள் மறைந்துவிடும் அல்லது வேலை செய்யாது. திரையில் பூனையையோ பாண்டாவையோ நகர்த்தும் பிளாக் எல்லாம் போர்டுக்குள் போக முடியாது, அங்கே திரை இல்லை.

முதல் நாள் நேரலை முறையில் விளையாடட்டும், பிளாக்கைத் தட்டியதும் விளக்கு எரிவது பெரிய சந்தோஷம். இரண்டாம் நாளிலிருந்து ஏற்றும் முறைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நிரல் எங்கே இருக்கிறது என்ற குழப்பம் கடைசி வரை தீராது.

“நேரா போகச் சொன்னா வளைஞ்சு போகுது”

நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றினால் ஒரு மோட்டாரின் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றன. மாற்றி மாட்டுங்கள், முடிந்தது.

லேசாக ஒரு பக்கம் இழுத்தால் முதலில் அச்சைப் பாருங்கள். நெல் காயவைக்கும் சிமென்ட் களம் நீளமாக, சமமாக இருக்கிறது என்று பிள்ளைகள் அங்கேதான் வண்டியை ஓட்டுவார்கள். வைக்கோல் துரும்பும் தலைமுடியும் சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் நடுவே சுற்றிக்கொள்ளும். வீட்டு வாசலில் என்றால் கோலமாவு டயரில் படிந்து பிடிப்புப் போய்விடும், ஈரத் துணியால் துடைத்தால் போதும். பின்னால் இருக்கும் உருண்டைச் சக்கரத்தில் மணல் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாம் சுத்தம், இன்னும் இழுக்கிறதா? இடது மோட்டார் வயரையும் வலது மோட்டார் வயரையும் டிரைவரில் பக்கம் மாற்றி மாட்டிப் பாருங்கள். இழுக்கும் பக்கம் மாறினால் கோளாறு டிரைவரிலோ நிரலிலோ இருக்கிறது. மாறாவிட்டால் மோட்டாரிலோ சக்கரத்திலோ இருக்கிறது. இந்த இடமாற்றும் வித்தையை எந்தச் சாமானுக்கும் பயன்படுத்தலாம். விலை குறைந்த மோட்டார் இரண்டு ஒரே மாதிரி ஓடாது, அது குறையும் இல்லை. இடது வேகம், வலது வேகம் என்று நிரலின் மேலேயே இரண்டு மாறிகள் வைத்து, வேகமாக ஓடும் பக்கத்தைக் கொஞ்சம் குறையுங்கள். 200-க்கு 188 மாதிரி ஒரு எண்ணில் வந்து நிற்கும். எண்ணை ஒவ்வொரு வரியிலும் தனித்தனியாக எழுதிவைத்திருக்கும் பிள்ளை, இருபது இடத்தில் திருத்தி அலுத்துப்போன பிறகு, மாறி எதற்கு என்று தானே புரிந்துகொள்ளும்.

அந்த எண் அந்த வண்டிக்கு, அந்தத் தரையில், அந்த சார்ஜில் மட்டும்தான் செல்லும். ‘அரை விநாடி திரும்பினால் 90 டிகிரி’ என்று காலையில் கண்டுபிடித்ததும் அப்படித்தான். சாயங்காலம் பேட்டரி இறங்கியிருக்கும், 70 டிகிரிதான் திரும்பும். இதை நிரலில் துரத்திக்கொண்டே போகாதீர்கள். கண்ணைக் கட்டிவிட்டு நேராக நடக்கச் சொன்னால் நாமும் வளைந்துதான் போவோம். துல்லியம் வேண்டுமென்றால் வண்டிக்குக் கோட்டைக் காட்டுங்கள், இல்லை சக்கரச் சுற்றை எண்ணும் என்கோடர் மாட்டுங்கள்.

“முன்னாடி ஒண்ணுமே இல்லை, ஆனா நிக்குது”

அல்ட்ராசோனிக் சென்சார் சொல்லும் எண்ணை சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்புவதைக் கணினித் திரையில் காட்டும் ஜன்னலில்) அச்சிட்டுப் பார்க்காமல் இதில் ஒரு அடி நகர முடியாது. அச்சிட்டால் சில சமயம் 0, 0, 0 என்று ஓடும். எதிரொலிக்கான நேரத்தை அளக்கும் பல்ஸ்இன் கட்டளை, எதிரொலி வராமல் நேரம் கடந்துவிட்டால் 0 என்றுதான் திருப்பிச் சொல்லும். உங்கள் நிரல் என்ன சொல்கிறது? தூரம் 20-ஐவிடக் குறைவு என்றால் நில். 0 என்பது 20-ஐவிடக் குறைவுதானே! சென்சார் ‘தெரியவில்லை’ என்கிறது, நிரல் அதை ‘மூக்குக்கு முன்னால் சுவர்’ என்று எடுத்துக்கொள்கிறது. ‘தூரம் 0-ஐவிடப் பெரியது, மேலும் 20-ஐவிடச் சிறியது’ என்று இரண்டு நிபந்தனை வையுங்கள். அதே கட்டளைக்கு இயல்பான காத்திருப்பு 1 முழு விநாடி. அவ்வளவு நேரம் வண்டி குருடாக ஓடும். 30000 மைக்ரோசெகண்ட் என்று கடைசியில் ஒரு எண் சேர்த்துவிடுங்கள், 4 மீட்டர் வரை பார்க்க அது தாராளம்.

தொடர்ந்து 0 மட்டுமே வந்தால் சென்சாரின் டிரிக் (ஒலி அனுப்பச் சொல்வது), எக்கோ (எதிரொலியைச் சொல்வது) வயர்கள் இடம் மாறியிருக்கும், அல்லது 5 வோல்ட் போய்ச் சேரவில்லை.

சுவரில் முட்டாமல் திரும்பும் வண்டி, கொடியில் தொங்கும் வேட்டியிலும் மெத்தையிலும் போய் முட்டுகிறதா? மெத்தென்ற துணி ஒலியை விழுங்கிவிடும். சாய்வான சுவர் ஒலியை வேறு பக்கம் தள்ளிவிடும். நாற்காலிக் கால் மெல்லியது, உருண்டையானது, திரும்பி வரும் ஒலி போதாது. இவை சென்சாரின் குணம், கோளாறு இல்லை.

வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. ஒலியின் வேகம் 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர், தஞ்சாவூர்ச் சித்திரை வெயிலில் 38 டிகிரி என்றால் சுமார் 354. பாடத்தில் போட்ட சூத்திரம் 343-ஐ வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. அதனால் ஒரு மீட்டருக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் குறைத்துச் சொல்லும். முட்டாமல் ஓட இது ஒன்றும் செய்யாது. அறிவியல் கண்காட்சியில் ஸ்கேல் வைத்து அளந்து காட்டுவதாக இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

“கோட்டை விட்டுட்டு ஓடுது”

ராத்திரி ட்யூப்லைட்டில் அழகாக ஓடியது, காலையில் முற்றத்தில் வைத்தால் தறிகெட்டு ஓடுகிறது என்றால் வெயில்தான். சூரிய வெளிச்சத்தில் அகச்சிவப்புக் கதிர் நிறைய இருக்கிறது. சென்சார் தான் அனுப்பிய கதிரையும் வானத்திலிருந்து வந்ததையும் பிரித்தறியாது. நிழலில் ஓட்டுங்கள், சென்சாரைச் சுற்றிக் கறுப்பு அட்டையில் பாவாடை கட்டுங்கள். தரைக்கும் சென்சாருக்கும் இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, கைபேசியின் முன்பக்கக் கேமராவை அதற்கு நேரே காட்டுங்கள். பெரும்பாலான போன்களில் ஊதா நிறப் புள்ளி தெரியும்.

அப்புறம் தரை. வழவழவென்று தேய்ந்த ரெட் ஆக்சைடு தரையும், பளபளக்கும் இன்சுலேஷன் டேப்பும் சேர்ந்தால் சென்சாருக்குக் குழப்பம்தான். கண்ணுக்கு அடர்த்தியாகத் தெரிவது ஐஆர் கண்ணுக்கும் அப்படியே தெரியும் என்று நம்ப வேண்டாம். சென்சாரைத் தரைமேல் வைத்து ஒரு எண், கோட்டுமேல் வைத்து ஒரு எண், இரண்டையும் எழுதிக்கொண்டு நடுவில் எல்லையை வையுங்கள். இரண்டும் அருகருகே இருந்தால் எந்த நிரலாலும் காப்பாற்ற முடியாது. வெள்ளைச் சார்ட் பேப்பரில் கறுப்பு டேப் ஒட்டி ஓட்டுங்கள். ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் சென்சாராக இருந்தால் அதன்மேல் உள்ள நீலப் பெட்டியின் திருகை ஸ்க்ரூ டிரைவரால் திருப்பி இதே எல்லையை அமைக்கலாம்.

கோட்டைக் கண்டால் விலகி, வெற்றுத் தரையில் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது என்றால் தர்க்கம் தலைகீழ். சில மாட்யூல்கள் கறுப்புக்கு 1 சொல்லும், சில 0 சொல்லும். அச்சிட்டுப் பார்த்து மாற்றுங்கள்.

“எல்லாம் சரியா இருக்கு, நடக்கறது மட்டும் வேற”

இப்போதுதான் நிரலுக்கு வருகிறோம்.

சுவரைப் பார்த்தும் நிற்காமல் முட்டுகிறதா? ‘2 விநாடி காத்திரு’ என்ற பிளாக் எங்கேயாவது இருக்கும். டிலே ஓடும் நேரத்தில் போர்டு எதையும் பார்க்காது, ஆனால் சக்கரம் ஓடிக்கொண்டே இருக்கும். 65 மில்லிமீட்டர் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் போகும். விநாடிக்கு இரண்டு சுற்று என்றாலே, இரண்டு விநாடியில் 80 சென்டிமீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓடியிருக்கும். காத்திருப்பை 50 மில்லிசெகண்டாகக் குறையுங்கள். கொஞ்சம் தேறிய பிள்ளைகளுக்கு நிற்காமல் நேரம் பார்க்க உதவும் மில்லிஸ் கட்டளையைச் சொல்லித்தரலாம்.

ஒரே ஒரு முறை செய்துவிட்டு நின்றுவிட்டால், பிளாக் ‘எப்போதும்’ வளையத்துக்கு வெளியே இருக்கிறது. எந்த நிபந்தனை கொடுத்தாலும் உண்மை என்றே ஆகிறதா? வரி வரியாக எழுதுபவர்கள் இஃப் அடைப்புக்குள் == போட வேண்டிய இடத்தில் = போட்டிருப்பார்கள், அல்லது இஃப் வரியின் கடைசியில் அரைப்புள்ளி வைத்திருப்பார்கள். கணினி இரண்டுக்கும் பிழை சொல்லாது, அமைதியாக ஏற்றிக்கொள்ளும்.

சென்சாரைத் திருப்ப ஒரு சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) சேர்த்ததும் ஒரு சக்கரம் மட்டும் வேகக் கட்டுப்பாட்டை இழந்துவிட்டதா? ஊனோவில் சர்வோ நூலகத்தை, அதாவது அதை ஓட்டுவதற்கான ஆயத்த நிரலை, பயன்படுத்தினால் 9, 10 பின்களில் அனலாக்ரைட் வேலை செய்யாது. சர்வோவை வேறு பின்னில் மாட்டியிருந்தாலும் அப்படித்தான். பஸ்ஸரில் பாட்டு வாசிக்கும் டோன் கட்டளை 3, 11 பின்களைத் தொந்தரவு செய்யும். அதனால் சக்கரங்களுக்கு 5, 6 என்று வைத்துக்கொள்வதே நிம்மதி.

‘ஸ்ட்ரே \342’ என்ற பிழை வந்தால், நிரலை வேர்டு கோப்பிலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ நகலெடுத்திருக்கிறீர்கள். நேரான மேற்கோள்குறி வளைந்த குறியாக மாறியிருக்கும். அழித்துவிட்டுக் கையால் தட்டச்சு செய்யுங்கள். குறிப்புரையைத் தாராளமாகத் தமிழில் எழுதலாம். மாறிகளின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். பிழை இந்த வரியில் என்று கணினி காட்டினால், அதற்கு மேல் வரியையும் பாருங்கள். அரைப்புள்ளி விட்டுப்போனது பெரும்பாலும் அங்கேதான்.

“மழைக்காலத்துல மட்டும் மக்கர் பண்ணுது”

ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் ஜம்பர் வயர் முனைகள் மங்கி, தொடர்பு விட்டு விட்டு வரும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று வேறு. வண்டி ஓடும்போது ஒவ்வொரு வயராக லேசாக அசைத்துப் பாருங்கள், எங்கே தடுமாறுகிறதோ அதுதான். ஜம்பர் வயரைப் பழுது பார்க்க வேண்டாம், புதிது போடுங்கள். கிட்டை மூடி இறுக்கமான டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு வையுங்கள். செல்களைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும்.

இதையெல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால்

தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டியதுதான், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ‘சார், ரோபோ ஓடலை’ என்று மட்டும் அனுப்பினால் யாராலும் பதில் சொல்ல முடியாது. வண்டி என்ன செய்ய வேண்டும், என்ன செய்கிறது, எப்போது ஆரம்பித்தது என்று எழுதுங்கள். மோட்டார் ஓடும்போது அளந்த வோல்டேஜைச் சொல்லுங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்று தெரியும்படி பகல் வெளிச்சத்தில் மேலிருந்து ஒரு போட்டோ எடுங்கள். நிரலை மட்டும் திரையின் போட்டோவாக அனுப்பாதீர்கள், எழுத்தாகவே அனுப்புங்கள். பதில் சொல்பவர் அதைத் தன் போர்டில் ஏற்றிப் பார்க்க வேண்டுமே.